செட்டை மாற்றாதீர்கள், கதவைத் திறந்து பாருங்கள்!

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார். இன்ஜின் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஏ.சி. குளிர்கிறது. டேஷ்போர்டில் கம்பெனியே வைத்துக் கொடுத்த செட்டின் விளக்கும் எரிகிறது. பாட்டைப் போட்டால் மட்டும் பாடகர் பானைக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்கிறது. சத்தத்தைக் கூட்டினால் கதவு அதிர்கிறது. குறைத்தால் டயர் இரைச்சலில் பாட்டு மூழ்கிப் போகிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் வாசித்த மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதே இந்தக் கார்களில் போகிறவர்களுக்கு மறந்திருக்கும்.

இந்தக் குறையோடு கார் அலங்காரக் கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: செட்டை மாற்றிவிடுங்கள். பெரிய தொடுதிரை, ஆண்ட்ராய்டு, ரிவர்ஸ் கேமரா என்று பட்டியல் நீளும். மாற்றிக்கொண்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். திரை பளபளக்கிறது, மேப் தெரிகிறது, பாட்டு மட்டும் முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது என்பார்கள். பழைய காரில் ஒலி கெடுகிற இடம் பெரும்பாலும் கதவுக்குள் இருக்கிறது. ஸ்பீக்கரில், அதைத் தாங்குகிற தகட்டில், அதற்குப் போகிற வயரில். செட்டின் முறை கடைசியில்தான் வர வேண்டும்.

பழைய செட்டைக் காப்பாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் என்ற பொது அளவில் டேஷ்போர்டில் ஒரு பொந்து இருக்கும். எந்தக் கம்பெனி செட்டும் அதில் உட்காரும். 2007-ல் வந்த ஹூண்டாய் ஐ10, 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் போன்றவற்றின் மேல்நிலை மாடல்களில் செட்டை டேஷ்போர்டோடு ஒட்டிய வடிவத்திலேயே வார்த்துவிட்டார்கள். அதைக் கழற்றினால் இடைவெளியை மூட தனி ஃபிரேம் வேண்டும். ஸ்டீயரிங்கில் இருக்கிற பட்டன்கள் வேலை செய்யத் தனி இணைப்பு வேண்டும். அத்தனையும் செய்த பிறகும் அந்த இடம் ஒட்டுப்போட்டதுபோலத் தெரியும்.

முதலில் காது, பிறகு பர்ஸ்

காரை அமைதியான நிழலில் நிறுத்துங்கள். இன்ஜினையும் ஏ.சி.யையும் அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாவியை செட் மட்டும் ஓடும் நிலைக்குத் திருப்புங்கள். பேஸ், டிரெபிள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். 'லவுட்' என்று ஒரு பட்டன் இருந்தால் அதையும் அணையுங்கள். இப்போது இடம்-வலம் மாற்றும் பேலன்ஸ், முன்-பின் மாற்றும் ஃபேடர் இரண்டையும் மாற்றி மாற்றி நான்கு மூலைகளையும் தனித்தனியே பாட விடுங்கள். நான்கும் ஒருசேரப் பாடும்போது ஒன்றின் குறையை மற்றவை மறைத்துவிடும். தனியாகக் கேட்டால், வலது முன் கதவில் கிழிசல் சத்தம், இடது பின்னால் ஒன்றுமே இல்லை என்பதெல்லாம் உடனே தெரிந்துவிடும். ஒரு ஸ்பீக்கர் பல மாதமாக ஊமையாக இருப்பது தெரியாமலே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

அடுத்த சோதனைக்கு ஒரு பழைய பாட்டு வேண்டும். 1960-களின் டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா பாடல்கள் இதற்கென்றே அமைந்தவை. அவை மோனோவில் பதிவானவை. இடது பக்கமும் வலது பக்கமும் அச்சு அசலாக ஒரே ஒலியைத்தான் தரும். பின்னாளில் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய வடிவம் வேண்டாம். ஃபேடரை முழுக்க முன்பக்கம் தள்ளிவிட்டு, தலையை இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே கொண்டுவந்து கேளுங்கள். குரல் டேஷ்போர்டின் நடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல் குரல் பரவிக் கிடந்தால், பேலன்ஸை ஒரு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். இரண்டு ஸ்பீக்கர் பாடியபோது இருந்ததைவிட ஒன்று மட்டும் பாடும்போது பேஸ் கூடுகிறதா? அப்படியானால் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் வயர் மாறியிருக்கிறது.

ஒரு முறையாவது வெளியில் வேலை பார்த்த கார்களில் சகஜமாகக் காணப்படுகிற, செலவே இல்லாமல் தீர்கிற கோளாறு இது. வயர் மாறினால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை சுமார் 3.4 மீட்டர் நீளம். காருக்குள் நாம் உட்காரும் இடத்தைவிடப் பெரியது. அவ்வளவு நீள அலைகள் இரண்டு எதிரெதிராக வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். மிருதங்கத்தின் தொப்பியும் தபேலாவின் டக்காவும் காணாமல் போய், ஜால்ராவும் குரலின் மேல்பகுதியும் மட்டும் மிஞ்சும். ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகு இதை உறுதிசெய்ய, கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். வயரைப் பிரித்துவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில், மைனஸை மைனஸில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் ஸ்பீக்கரின் கூம்பு, அதாவது கோன், வெளியே வர வேண்டும். உள்ளே போனால் குறியீடு தலைகீழ். மல்டிமீட்டர் இருந்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச்சுருளான காயிலையும் பார்த்துவிடலாம்: 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஏதாவது காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது.

பாட்டு எங்கிருந்து வருகிறது?

ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன் பாட்டையும் பார்க்க வேண்டும். ப்ளூடூத் இல்லாத பழைய செட்டுக்காக, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைப் பலர் வாங்குகிறார்கள். போனிலிருந்து வரும் பாட்டை அது குட்டி வானொலி நிலையமாக மாறி ஒலிபரப்ப, செட் அதைப் பிடித்துப் பாடுகிறது. நகரத்துக்குள் காலி அலைவரிசை கிடைப்பது கடினம். பக்கத்து நிலையம் உள்ளே புகும், ஊர் மாறினால் வேறொன்று புகும். செட்டின் பின்னாலோ முன்னாலோ ஆக்ஸ் துளை இருந்தால், அதில் செருகும் ப்ளூடூத் ரிசீவர் இதைவிடப் பல மடங்கு தெளிவாக இருக்கும். ஒரு வயர் அதைவிடவும் நல்லது. வயரில் போட்டால் போனின் ஒலியை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, செட்டின் ஒலியால் கூட்டிக் குறையுங்கள். போனைக் குறைத்து செட்டை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

பஸ் ஸ்டாண்ட் கடைகளில் ஆயிரம் பாட்டு ஏற்றிய பென் டிரைவ் விற்கிறார்கள். இடம் போதாமல் அந்தப் பாட்டுகளை நசுக்கி நசுக்கித்தான் அடைத்திருப்பார்கள். 1980-களில் நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களில் நல்ல டேப் வாங்கிக் கொடுத்து, பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய கேசட்டில் இருந்த அக்கறை இதில் கிடையாது. நீங்கள் மாத சந்தா கட்டும் பாட்டு ஆப்பில் தரத்தை உச்சத்துக்கு மாற்றி, அதே பாட்டை அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுங்கள். குறை பென் டிரைவில்தான் என்று தெரிந்தால் வேலை அங்கேயே முடிந்தது.

எஃப்.எம். மட்டும் கரகரத்து மற்றதெல்லாம் நன்றாக இருந்தால், கூரையில் இருக்கிற ஆன்டெனாவின் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கலாம். கடலோர ஊர்களில் இது சாதாரணம். சுத்தம் செய்து இறுக்கினாலே பல நேரம் சரியாகிவிடும்.

கதவுக்குள் இருக்கிற கதை

இனி முக்கியமான இடம். மூடி வைத்த காரின் டேஷ்போர்டு நம் வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் வருடக்கணக்காகக் காய்ந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரத்தையும் குடித்த காகித கோன்தான் கம்பெனி ஸ்பீக்கர். விலையையும் எடையையும் குறைக்கச் சின்னக் காந்தம், மெல்லிய காகிதம் என்று செய்யப்பட்டது. கோனையும் சட்டத்தையும் இணைக்கும் ஓரம் ஃபோமால் ஆனதாக இருந்தால், பத்துப் பதினைந்து வருடத்தில் அது தொட்டாலே பொடியாக உதிரும். ரப்பர் ஓரம் நீண்ட நாள் தாங்கும். ஓரம் உதிர்ந்த பிறகு கோன் தாறுமாறாக ஆடி, காயில் காந்தத்தில் உரசும். நாம் கேட்கும் கிழிசல் சத்தம் அதுதான்.

கதவுக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று சந்தேகம் வரலாம். கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாக மழைத்தண்ணீர் எல்லாக் கார் கதவுக்குள்ளும் போகத்தான் செய்யும். கீழே இருக்கிற துளைகள் வழியே வடிந்துவிடும். உள்தகட்டில் இருக்கிற பெரிய ஓட்டைகளைக் கம்பெனி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடியிருக்கும். எப்போதோ பவர் விண்டோ மோட்டார் பழுதானபோது மெக்கானிக் அதைக் கிழித்துப் போட்டு வேலை பார்த்துவிட்டு, மறுபடி ஒட்டாமல் கதவின் உள்மூடியான டோர் பேடை மாட்டியிருப்பார். அன்றைக்குத்தான் அந்தக் கதவின் ஒலி கெட ஆரம்பித்தது.

இந்தத் தாளுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்பீக்கர் கோன் முன்பக்கம் தள்ளும் அதே அளவு காற்றைப் பின்பக்கமும் தள்ளுகிறது, ஆனால் நேர் எதிராக. இரண்டும் கலக்காமல் தடுத்தால்தான் பேஸ் மிஞ்சும். வீட்டு ஸ்பீக்கருக்குப் பெட்டி இருப்பது அதற்காக. காரில் கதவுதான் பெட்டி. உள்தகட்டில் ஓட்டைகள் திறந்து கிடந்தால் பின்பக்கக் காற்று அவற்றின் வழியே வந்து முன்பக்கக் காற்றை அழித்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் இந்தப் பௌதிகத்தை மீற முடியாது. ஸ்பீக்கரை மட்டும் மாற்றிவிட்டு ஏமாந்தவர்களுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே கதவு வேலை என்பது இப்படி: கார் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். சில கார்களில் இப்படிக் கழற்றினால் செட் ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை எடுத்து, டோர் பேடை ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரியுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகளில் சில உடைந்தே தீரும்; புதுக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் நிறத்தில் கப்ளர் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அது ஏர்பேக் சம்பந்தப்பட்டதாக இருக்கும். வெளித்தகட்டின் உட்புறத்தைத் துடைத்து, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட்டை ஒட்டுங்கள். முழுவதும் மூட வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். வெளித்தகட்டின் நடுவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மூடினாலே அதிர்வின் பெரும்பகுதி அடங்கிவிடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: முன்பு 'டங்' என்றது இப்போது 'தொப்' என்னும். உள்தகட்டின் ஓட்டைகளை மட்டும் முழுக்க மூடுங்கள். கீழே தண்ணீர் வடியும் துளைகளை ஒருபோதும் மூடாதீர்கள். மூடினால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே வரும் வளையத்தைச் சிலர் மரத்தூள் அட்டையில் வெட்டித் தருவார்கள். இரண்டு மழைக்காலத்தில் அது ஊறி உப்பிவிடும். பிளாஸ்டிக் வளையம் கேளுங்கள். வளையத்தின் ஓரத்தில் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டி, ஸ்க்ரூக்களைச் சமமாக இறுக்கினால் காற்று கசியாது.

இந்த இடத்தில் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். டோர் பேடைக் கழற்றும்போது ஸ்பீக்கர் காந்தத்தின் பின்புறத்தையும் பாருங்கள். அங்கே காய்ந்த சேறும் தடித்த துருவும் ஒரு கோடாகப் படிந்திருந்தால், அந்தக் கார் வெள்ளத்தில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். 2015-ல் சென்னையில் மூழ்கிய கார்களைப் போல எத்தனையோ கார்கள் துடைத்து பாலிஷ் போடப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. சீட்டைத் துவைத்தவர்கள் ஸ்பீக்கரின் முதுகைத் துடைக்க மறந்துவிடுவார்கள்.

வாட் கணக்கு

ஸ்பீக்கர் வாங்கப் போனால் டப்பாவில் '300 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து வாங்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது காரின் மின்சாரம் சுமார் 14 வோல்ட். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத செட் இந்த 14 வோல்ட்டை வைத்துத்தான் 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டியாக வேண்டும். கணக்குப் போட்டால், கெடாத ஒலியாக ஒரு ஸ்பீக்கருக்கு அதிகபட்சம் 25 வாட்டுக்குள்தான் வரும். செட்டுக்குள்ளேயே வீணாவது போக, கையில் கிடைப்பது 15 முதல் 20 வாட். '50 வாட் பெருக்கல் நான்கு' என்று செட்டின் முகத்தில் எழுதியிருப்பது ஒரு நொடியின் உச்சத்தைச் சொல்கிற விளம்பரக் கணக்கு.

நீங்கள் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி என்ற சின்ன எழுத்து வரி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் அது. 3 டெசிபல் கூடினால் பவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 87 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தரும் ஒலியை 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும். கம்பெனி செட்டோடு ஓட்ட, 90-க்கு மேல் இருக்கிற, நடுவிலேயே மேல் ஒலிக்கான ட்வீட்டர் வைத்த எளிய கோஆக்சியல் ஸ்பீக்கர் போதும். பழைய ஸ்பீக்கரின் காயில் நன்றாக இருந்து ஓரம் மட்டும் போயிருந்தால், கோயில் திருவிழா மைக் செட் ஸ்பீக்கர்களுக்கு கோன் மாற்றுகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம்: விலை உயர்ந்த கார்களில் கம்பெனியே தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தால், ஸ்பீக்கர் 2 ஓமாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம். அங்கே 4 ஓம் மாட்டினால் சத்தம் குறைந்துபோகும்.

முன் கதவுகளுக்கே முதலில் செலவழியுங்கள். மாருதி 800, அம்பாசடர் காலத்திலிருந்து பின்சீட்டுக்குப் பின்னால் பலகை அடித்து இரண்டு ஓவல் ஸ்பீக்கர் வைப்பது நம் வழக்கம். அப்போது முன் கதவில் இடமில்லை, வேறு வழியும் இல்லை. இன்றைக்கு அதைத் தொடர்ந்தால் பாட்டு பிடரியில் வந்து விழும். 1978-ல் வந்த 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்கிற அழகு, ஒலி முன்னாலிருந்து வந்தால்தான் புரியும்.

செட்டில் பேஸைத் திருப்பி ஏற்றுகிற பழக்கத்தையும் விட வேண்டும். பேஸை 10 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு 10 மடங்கு பவர் கேட்கிறோம். இருப்பதே 20 வாட். செட் திணறி ஒலி அலையின் தலையை வெட்டித் தள்ளும். அந்த வெட்டுப்பட்ட ஒலிதான் ட்வீட்டரை எரிக்கிறது. எது அதிகமாகத் தெரிகிறதோ அதைக் குறைத்து, மொத்த ஒலியை ஏற்றுவது நல்ல முறை. 'லவுட்' பட்டன் மெல்லிய ஒலிக்கு மட்டும்தான். ஒலி குறையும்போது நம் காது பேஸை அதிகமாக இழக்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டினார்கள். அந்த இழப்பை ஈடுகட்ட வந்த பட்டன் அது. சத்தத்தை ஏற்றியதும் அணைத்துவிடுங்கள்.

இரைச்சல் எங்கே பிறக்கிறது?

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு ஊளை மெல்லியதாக ஏறினால் அது ஆல்டர்னேட்டரின் சத்தம். செட்டின் எர்த் வயர் துருவில் நிற்கிறது என்று பொருள், அல்லது போனுக்கு அதே காரில் சார்ஜ் போட்டுக்கொண்டு ஆக்ஸ் வயரும் செருகியிருக்கிறீர்கள். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஊளை நின்றால், ஆக்ஸ் வயரின் நடுவே செருகும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போதும். நிற்காவிட்டால் எர்த் வயரின் நுனியைச் சுரண்டி, பெயின்ட் நீக்கிய பாடித் தகட்டில் இறுக்குங்கள்.

செட்டிலேயே வரக்கூடிய கோளாறுகள் சில உண்டு. ஒலிக் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் போய்விடும். கேசட் ஓடும் செட்டில் ஒலி மங்கியிருந்தால் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். எல்லா ஸ்பீக்கரும் நன்றாக இருந்தும் நான்கிலும் ஒரே மாதிரி இரைச்சலோ உடைந்த ஒலியோ வந்தால், உள்ளே கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் அதைப் பிரித்து மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். செட்டை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டிய நேரம் இதுதான், இதற்கு முன்பு இல்லை.

இன்னும் பேஸ் வேண்டும் என்பவர்கள், சீட்டுக்கு அடியில் வைக்கும் சிறிய ஆக்டிவ் சப்வூஃபரைச் சேர்க்கலாம். ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. செட்டிலோ ஆம்ப்ளிஃபயரிலோ வசதி இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கதவு ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுத்துவிடுங்கள்; கதவின் பாரம் குறைந்து குரல் இன்னும் தெளியும். ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது. பேட்டரியிலிருந்து நேரடியாக வரும் பவர் வயரில், பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃப்யூஸ் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் வயர் எங்காவது தகட்டில் உரசினால் கார் தீப்பிடிக்கலாம்.

கடையில் காரை விடும்போது நான்கு விஷயங்களை முதலிலேயே பேசிவிடுங்கள். கம்பெனி வயரை வெட்டக் கூடாது. உங்கள் மாடலுக்கான கப்ளர் வாங்கித்தான் இணைக்க வேண்டும். கழற்றிய பழைய ஸ்பீக்கர்களை உங்களிடமே திருப்பித் தர வேண்டும். டோர் பேடை மூடுவதற்கு முன், கதவின் உள்தகட்டை உங்களுக்குக் காட்ட வேண்டும். அந்த ஓட்டைகள் மூடப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.